ஹிஸ்கேயின் தெரு

ஹிஸ்கே எங்கள் ஊர்த் தபால்காரி. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த வீட்டில் உறையை வாங்கும்போதே கை நடுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாயோரம் கையால் சுருட்டிய சிகரெட் ஒன்று எப்போதும் தொங்கும். ஃப்ரீஸ்லாந்துக்காரர்களான எங்களுக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது பிறவிப் பழக்கம். ஆனால் அந்தக் காற்றில் சிகரெட் அணையாமல் மிதிக்க அவளால்தான் முடிந்தது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்துப் பிற்பாடு அவள் நுரையீரல் பதில் சொன்னது.

யெல்லே பாலக்காரர். ஏரிக்குப் போகும் பாய்மரப் படகுகளுக்காக வாய்க்கால் பாலத்தைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார். படகுக்காரர்கள் அதில் காசு போட்டுவிட்டுப் போவார்கள். கோடைக்காலத்தில் படகுகள் வரிசை கட்டி வந்தால் சாலையில் போகிறவன் பாடு திண்டாட்டம்தான். பாலத்துக்கு முன்னால் தெரு வளையும் இடத்தில் மொட்டையாக வெட்டிய வில்லோ மரம் ஒன்று நிற்கும். அதன் கீழே சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஹிஸ்கே வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

"யோவ் பாலக்காரரே, ஊர்சுத்திப் படகு ஒண்ணுக்காக ஊர் தபாலையே நிறுத்தி வெப்பீங்களா?"

"படகு போனாத்தான் பாலம் இறங்கும். காத்துக்கிட்டு இருங்க," என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

திட்டிக்கொண்டே அவள் காத்திருந்தாள். கடைசியில் படகே வராத நாளிலும் அந்த மரத்தடியில் காத்திருக்க ஆரம்பித்தாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லை. அதற்காக இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், ஆனால் ஊர் பார்க்கும்படி அழவில்லை.

யெல்லேயின் கிறுக்கெல்லாம் மீன்தொட்டிதான். முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நீளத்துக்குத் தொட்டி. மீனைவிடச் செடிக்குத்தான் அதில் மரியாதை. ஹிஸ்கேக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. "வாய்க்கால்ல இல்லாத பாசியா? வீட்டுக்குள்ள கொண்டுவந்து அதுக்கு லைட்டு வேற போட்டிருக்கான்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். தொட்டியில் அவளுக்குப் பிடித்தவை இரண்டே இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்த கிழட்டு மீன்கள். அவை சாப்பிட்டதும் செத்தது போல ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும், இரையில் போட்டியென்றால் கடக் கடக்கென்று சத்தம் போடும். அவற்றுக்கு அவள் பெரிய மாமியார், சின்ன மாமியார் என்று பெயர் வைத்தாள்.

பிறகு அவளுக்கு மூச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் சைக்கிள் போயிற்று, அப்புறம் மாடிப்படி, அப்புறம் பேக்கரி வரைக்கும் நடை. அவள் கட்டிலைக் கீழே இறக்கித் தொட்டிக்கு எதிரே போட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் புறப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்து அவள் மூக்கில் போய் முடியும். கழிப்பறைக்குப் போனாலும் குழாய் கூடவே போகும். குனிந்தால் மூச்சு முட்டும், சிரித்தால் மூச்சு முட்டும். அவள் சிரிப்பை மட்டும் விடவில்லை.

ஊர் முழுக்கச் சுற்றியவளுக்கு அப்போது பார்க்கக் கிடைத்தது தொட்டி ஒன்றுதான். ஒருநாள் கேட்டாள்: "உங்க சங்கத்துக்காரங்க தண்ணிக்குள்ள தெரு போடுவாங்களாமே. எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. நடந்து பார்க்கணும்."

எங்கள் பக்கத்து மீன்தொட்டிச் சங்கங்களில் அது பழைய வழக்கம். ஒரே வகைக் குட்டைச் செடியை முன்பக்கம் அகலமாக நட்டு, பின்னால் போகப் போகக் குறுக்கிக்கொண்டே போனால், கண்ணுக்கு ஒரு தெரு தூரத்தில் போய் மறைவது போலத் தெரியும். யெல்லே நட்டார். தெரு பின்னால் போய் ஒரு மரக்கட்டையிடம் வளைந்து முடிந்தது. ஆனால் செடிகள் வளரவில்லை. ஓரம் பழுத்தன, பாசி ஏறிற்று. பின்னால் நட்ட சிவப்புச் செடிகள் சோகை பிடித்து நின்றன.

"பட்டினி போட்டா எந்தப் பிள்ளை வளரும்?" என்றான் டௌவே. அவன் யெல்லேயின் சங்கத்துச் சிநேகிதன், ஓய்வு பெற்ற வெல்டர். வாயு சிலிண்டர் என்றால் அவனுக்குக் கைப்பிள்ளை மாதிரி. அவ்வளவு பெரிய தொட்டிக்கும் அவ்வளவு வெளிச்சத்துக்கும் கரியமில வாயு கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டான். மதுக்கடைகளில் பியருக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சிலிண்டர் ஒன்றை அடுத்த வாரமே தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

அன்று முழுக்க இருவரும் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். சிலிண்டரை நிமிர்த்தி உருளாதபடி கட்டினார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் கருவியை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார்கள். விளக்கு எரியும்போது மட்டும் திறக்கிற மின்வால்வு ஒன்று. ஊசிமுனைத் திருகு ஒன்று, வாயு எவ்வளவு போகவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். கடைசியில், வாயுவை நீரில் கரைத்து அனுப்பும் ஒரு குழல். தொட்டியின் உள்கண்ணாடியில் நீலத் திரவம் ஊற்றிய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றையும் டௌவே ஒட்டினான். நீலம் என்றால் வாயு போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து.

கட்டிலிலிருந்து ஹிஸ்கே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு வாயு, செடிக்கு ஒரு வாயு. ஏம்ப்பா, மாத்தி மாட்டிடாதீங்க," என்றாள். டௌவே சிரித்து, அலமாரியில் தலையை இடித்துக்கொண்டான்.

திருகை எப்படிக் கையாள்வது என்று அவன் யெல்லேக்குச் சொல்லிக் கொடுத்ததை அவளும் கேட்டாள். "மயிரிழை திருப்பு. திருப்பிட்டு ரெண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. குமிழ்ல நிறம் மாறலியேன்னு மறுபடி தொடாதே. அது இப்ப நடக்கிறதைச் சொல்லாதுடா, எப்பவோ நடந்ததைத்தான் சொல்லும்."

"தபால் மாதிரின்னு சொல்லு," என்றாள் ஹிஸ்கே. "நான் கொண்டுபோன சேதியெல்லாம் பழைய சேதிதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா இவன்கிட்டப் போய் உக்காருன்னு சொல்றியே. இவன் ஊரைக் காக்க வெச்சவன். காத்திருந்தவ நான்," என்றாள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்தக் கோடை முழுக்க யெல்லே பதறவில்லை. மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார், உட்கார்ந்தார். குமிழ் பச்சைக்கு வந்து பச்சையிலேயே நின்றது. செடிகள் நிமிர்ந்தன. சிவப்புச் செடிக்கு ரத்தம் ஊறிற்று. பிற்பகலில் ஒவ்வொரு இலையிலும் ஆக்சிஜன் முத்து முத்தாகக் கோத்து மேலே ஏறும்போது, "எனக்கும் கொஞ்சம் குடுங்கடி," என்று ஹிஸ்கே அவற்றிடம் கேட்பாள். தெருவுக்கு வீட்டுப் பெயர்கள் வைத்தாள். அது நாய் வீடு, இது கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குக்கூட நன்றி சொல்லாத கஞ்சன் வீடு, அந்தச் சாய்ந்த செடி எப்போதும் பெரன்பர்க் சாராய வாசனையோடு கதவைத் திறக்கிறவர் வீடு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று கண்ணால் தபால் பட்டுவாடா செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து யெல்லே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தெருக்கோடியில் கட்டையருகே வளைவில் மட்டும் செடி பிடிக்கவில்லை. உள்ளங்கையளவு மணல் வெறுமையாகக் கிடந்தது. ஹிஸ்கேயின் கண் நடை முடிந்து எப்போதும் அங்கேதான் போய் நிற்கும். அந்தக் குறை அவளை உறுத்துகிறது என்று யெல்லே நினைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் ஆண்கள் கேட்கமாட்டார்கள், கேட்காமலே சரிசெய்துவிட்டு நிற்பார்கள். புதிய நாற்றுகளைக் கொண்டுவந்து வளைவில் நட்டார்.

இலையுதிர் காலத்தில் நுரையீரல் மருத்துவர் அவரை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்து, கிறிஸ்துமஸுக்கு அப்பால் எதையும் திட்டமிட வேண்டாம் என்றார். யெல்லே வீட்டுக்கு வந்து தெருவைப் பார்த்தார். சங்கத்து நடுவர் வீடு வீடாக வந்து தொட்டிகளுக்கு மதிப்பெண் போடும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. யெல்லேக்கு மதிப்பெண் பெரிதில்லை. அவள் கண்மூடுவதற்குள் அந்தத் தெரு முழுசாக வேண்டும், அவ்வளவுதான். நாற்றுகளோ மசமசவென்று கிடந்தன.

சனிக்கிழமை காலை விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் அவர் குனிந்து திருகைத் திருப்பினார். குமிழைப் பார்த்தார், பச்சை. காபி போட்டார், வந்து பார்த்தார், அதே பச்சை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஹிஸ்கே தூங்கிக்கொண்டிருந்தாள். கோட்டை மாட்டியவர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் திருப்பினார். அப்போதும் பச்சைதான். அந்தப் பச்சை பழைய சேதி என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆசை முன்னால் வந்தால் தெரிந்ததெல்லாம் பின்னால் போய்விடுகிறது. அவளுக்குப் பிடித்த சர்க்கரை ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போனார். சனிக்கிழமைக் கூட்டம். ஹிஸ்கே எப்படி இருக்கிறாள் என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நின்றார்.

ரொட்டியோடு கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

ஹிஸ்கே தொட்டியின் மேல்மூடியில் நெற்றியைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். தீனி போடும் சிறு கதவைத் திறந்து முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. அது அவள் கையில், தண்ணீருக்குள், கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்குத் தவித்து மேலே வந்த மீன்களெல்லாம் அந்தக் கொப்புளங்களைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நடுவில் இரண்டு மாமியார்களும் இருந்தன. ஹிஸ்கேயின் உதடு குமிழின் முதல் நாள் நீலத்தில் இருந்தது.

யெல்லே ரொட்டியைத் தரையில் போட்டுவிட்டுக் குழாயைப் பிடுங்கப் போனார். அவள் விடவில்லை.

"முதல்ல... அதை மூடு," என்றாள், கீழே அலமாரியைக் காட்டி. "எனக்குக் குனிய முடியலை."

அவர் வாயுவை மூடினார். குழாயில் ஏறியிருந்த தண்ணீரை ஊதி வெளியேற்றி, சட்டையில் துடைத்து, அவள் மூக்கில் மாட்டினார். குமிழ் அப்போதுதான் மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூச்சுக்குப் போராடிக் களைத்ததில் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டது, உள்ளே சேர்ந்ததை வெளியேற்ற நுரையீரலுக்குப் பலமில்லை, இனி மயக்கம் கூடிக்கொண்டே போகும் என்றார். புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றார் யெல்லே. அவரைப் போல அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்தக் கட்டிடத்தில் வேறு யாருமில்லை. அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முகமூடியை மாட்டிப் பார்த்தார்கள். ஹிஸ்கே அதைத் தள்ளிவிட்டாள், இரண்டாம் முறையும் தள்ளினாள். பிறகு அவர்கள் வற்புறுத்தவில்லை.

தெளிவு வந்த ஒரு பொழுதில் கேட்டாள்: "மாமியாருங்க?"

"ரெண்டு பேரும் இருக்காங்க. நான்தான் ஹிஸ்கே, நான்தான் திருப்பினேன். மூணு தடவை திருப்பினேன்."

"தெரியும். தூங்கலை நான். சத்தம் கேட்டுது."

"ஏன் சொல்லலை?"

"உனக்கு ஆசையா இருந்துச்சு." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு, "அந்த வளைவுல நட்டிருக்கியே, அதைப் பிடுங்கிடு," என்றாள்.

"ஏன்? அது வெறுமையாக் கிடக்குன்னுதானே நீ பாத்துக்கிட்டே..."

"அந்தக் கட்டை உன் பாலம், மக்கு. வளைவுலதான் என் சைக்கிள் நிக்கும். அங்க செடி வெச்சா நான் எங்க காத்திருப்பேன்?"

அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் தெளிவாக இல்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் போய்விட்டாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவரை வெற்று வீட்டில் அந்த இயந்திரம் உறுமி வரவேற்றது. அன்று அவசரத்தில் யாரும் அதை நிறுத்தவில்லை. குழாய் கட்டிலின் மேல் கிடந்து யாருமில்லாத மூக்குக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. யெல்லே குழாயை எடுத்துத் தொட்டிக்குள் விட்டார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எழுந்து போய் அணைக்கிற மனுஷன், இரவும் பகலும் அதை ஓடவிட்டார். அடக்கம் முடிந்து எல்லாரும் காபியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. வாயுவை அவர் மறுபடி திறக்கவில்லை. இருந்த கொஞ்சம் கரியமில வாயுவும் கொப்புளங்களோடு வெளியேறியது. தெருவின் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. கஞ்சன் வீடு கரைந்தது, நாய் வீட்டில் பாசி ஏறியது.

இயந்திரத்தை எடுத்துப் போக வாடகைக் கம்பெனிக்காரர் வந்தார். நல்ல மனிதர், அனுதாபம் சொன்னார், குழாய் தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. சுவரிலிருந்து மின்இணைப்பைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. அவள் இல்லை என்பது யெல்லேக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வந்தவர் முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அந்த மனிதர் வண்டியைக் கிளப்பாமல் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

டௌவே அன்று மாலை வந்தான். தெருவைப் பார்த்துவிட்டு, "வாயுவைத் திறந்தாத்தான் இது பிழைக்கும். உனக்கு முடியலைன்னா நான் திருப்பறேன்டா," என்றான்.

"வேணாம். நானே."

யெல்லே முதலில் வளைவில் நட்ட நாற்றுகளைப் பிடுங்கி மணலை விரலால் நிரவினார். பிறகு முழங்காலிட்டுக் குனிந்து, திருகை மயிரிழை திருப்பினார். கட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது. அவள் படுத்திருந்த பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நீலம் கரைந்து பச்சை தெரிய ஆரம்பிக்கும் வரை யெல்லே எழுந்திருக்கவே இல்லை. அவர் காத்திருக்கக் கற்றுக்கொண்டார், பார்க்கவேண்டியவள் பார்க்காத நாளில்.

நடுவர் குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு வந்தார். ஹெயிங்கா என்று பெயர், நெட்டையான, நேர்மையான, சலுகை தெரியாத மனிதர். ஹிஸ்கே போன விஷயம் அவருக்குத் தெரியும். தேதியைத் தள்ளிவைக்கலாமே என்றார். யெல்லே வேண்டாம் என்றுவிட்டார். காபி வந்தது, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் வந்தது, ஆளுக்கு ஒன்றுதான் என்கிற எங்கள் ஊர் வழக்கப்படி டப்பா மூடப்பட்டது. ஹெயிங்கா தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். மீன்கள் நன்றாக இருக்கின்றன, சிவப்பு தேறிவருகிறது, தெருவில் பழுதான இடங்களில் புதுத் துளிர் இருக்கிறது என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரு முடியுற இடத்துல வெறும் மணலா இருக்கே. வளைவுல செடியில்லாம விட்டா பார்வை அறுந்து போகுது. அதுக்கு நான் புள்ளி கழிச்சே ஆகணும், யெல்லே. உங்களுக்கே தெரியும்."

"கழிச்சுக்குங்க," என்றார் யெல்லே.

"ஒரு நாலு செடிதானே. வெச்சிருக்கலாமே?"

"வெக்க முடியாதுங்க. அங்க சைக்கிள் நிக்கணும்."

ஹெயிங்கா அவரை ஒருமுறை பார்த்தார், தொட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு விதிப்படி புள்ளியைக் கழித்தார். வளைவு மணலில் இரண்டு மாமியார்களும் ஒருக்களித்துப் படுத்திருந்தன. யெல்லே டப்பாவைத் திறந்து அவருக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.